தீவில் ஒரு தறிக்குழி

காஞ்சிபுரத்தில் அமாவாசை அன்று தறி ஓடாது. மாதத்தில் அந்த ஒரு நாள்தான் நானும் என் மனைவியும் சேர்ந்து வெளியே போகலாம். எழுபதுகளின் தொடக்கத்தில் அப்படி ஓர் அமாவாசையில் அவளைப் பழவேற்காட்டு ஏரியில் உள்ள ஒரு தீவுக்கு அழைத்துப் போனேன். மாமனாரிடம் சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொன்னோம். போனது வீடு பார்க்க.

நான் ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். லாரியில் கிளீனராக இருந்தேன், ராணிப்பேட்டையில் தோல் சுமந்தேன், பழவேற்காட்டில் சில மாதம் அந்தத் தீவிலேயே தங்கிப் படகில் கிளிஞ்சல் ஏற்றினேன். தறிக்காரக் குடும்பத்தில் பிறந்தும் தறிக்கு அகப்படாமல் திரிந்ததால், பெண்ணைக் கட்டிவைத்தால் அடங்குவான் என்று சொந்தத்திலேயே கட்டிவைத்தார்கள். மாமனார் வீட்டில் இரண்டு தறிகள். ஒன்றில் அவர் நெய்தார், மற்றதில் என் மனைவி. அவருக்கு உடம்பு முடியாத நாளில் நான் அவர் இடத்தில் உட்காருவேன். எங்கள் ஊர்த் தறிக்குத் தரையில் குழி வெட்டியிருக்கும். தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் குழிக்குள் தொங்கவிட்டு, உள்ளே இருக்கும் மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். எனக்குச் சற்று நேரத்திலேயே கால் மரத்துப்போகும். பிறகு மனமும் மரத்துப்போகும். சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

அப்போதுதான் தீவு வேலை வந்தது. கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் காளவாய் ஒன்றைக் கவனித்துக்கொள்ள ஆள் தேடினார்கள். கிளிஞ்சல் ஏற்றிய நாளில் பழகிய மேஸ்திரி எனக்குச் சொல்லி அனுப்பினார். வீடு தருவார்கள், நான் முன்பே உள்ளே போய்ப் பார்த்த வீடுதான். ஆனால் பெண்டாட்டியோடு வந்து குடியிருக்க வேண்டும். அதற்கு முன் இருந்த தனி ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகச் சொல்லாமல் போய்விட்டார்களாம்.

மனைவியிடம் சொன்னேன். உடனே மறுப்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"தறி போட எடம் இருக்குதா?"

"கூடம் நீட்டு. ரெண்டு தறியே போடலாம்."

"அப்போ வர்றேன். தறி இல்லன்னா வர மாட்டேன். அப்புறம் என்னெ கேக்கக் கூடாது."

கரைக்கென்று தனி நாடா ஓட்டும் கோர்வை வேலை இல்லாத சாதாரணக் கரைச் சேலையை ஆள் துணையில்லாமல் நெய்துவிடலாம். அமாவாசைக்கு அமாவாசை ஊருக்கு வந்து சேலையைக் கொடுத்துவிட்டு, பட்டும் ஜரிகையும் வாங்கிப் போவது என்று அவளே கணக்குப் போட்டாள். எனக்கு அந்த வாரம் முழுக்கத் தரையில் கால் படவில்லை.

இருட்டோடு முதல் பஸ் பிடித்தோம். மெட்ராசில் இறங்கி வேறு பஸ், பொன்னேரியில் இன்னொன்று. அவள் மந்தாரை இலையில் புளிச்சோறு கட்டி மடியில் வைத்திருந்தாள். மெட்ராசுக்கு வடக்கே அவள் போனதில்லை. உப்பளங்களைப் பார்த்து, "மாவு கொட்டின மாதிரி இருக்குது" என்றாள். படகில் ஏறியதும் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் இடுப்பளவுதான் என்று படகுக்காரர் கழியைக் குத்திக் காட்டிய பிறகும் விடவில்லை.

தீவில் வண்டி கிடையாது. மாட்டு வண்டி இல்லை, சைக்கிள்கூட இல்லை. சக்கரம் எதுவானாலும் மணலில் புதைந்துவிடும். கிளிஞ்சலைக்கூடப் பெண்கள் கூடையில் தலைச்சுமையாகக் கொண்டுபோனார்கள். எங்கள் தெருவில் காலையில் தறிக்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டும்போது ஒரு சைக்கிள் வந்தாலும் சண்டை வரும். அவள் கரையோரம் நின்று அந்த நீள மணலைப் பார்த்துச் சொன்னாள்: "எம்மாந் தூரத்துக்குப் பாவு போட்டாலும் கேக்க ஆளு இல்ல." அவளுக்கு ஊர் பிடித்துவிட்டது என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

மேஸ்திரி காளவாயில் இருந்தார். முகம், புருவம் எல்லாம் வெள்ளை. சாவியைக் கொடுத்து, "பாத்துக்கினு வாங்க. படகு கெளம்பறதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லிடு. இல்லன்னா வேற ஆளு வந்துக்கினு இருக்கான்" என்றார்.

வீடு நான் சொன்னதுபோலவே இருந்தது. ஓலைக் கூரை, நீளமான கூடம், கிழக்கே வெளிச்சம். அவள் கூடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தாள். உத்தரத்தைத் தட்டிப் பார்த்தாள். எங்கே உட்கார்ந்தால் கைக்கு வெளிச்சம் விழும் என்று நின்று பார்த்து ஓரிடத்தைக் காலால் கீறினாள்.

"ஒரு கடப்பார வாங்கியாங்க."

"இப்பவே எதுக்கு? வந்தப்புறம் வெட்டிக்கலாம்."

"மண்ணு நிக்குதா, சரியுதான்னு பாக்க வேணாவா?"

காளவாயிலிருந்து கடப்பாரையும் ஒரு தட்டும் வாங்கி வந்தேன். மேலே சாணி மெழுகிய மண். அதற்குக் கீழே சுத்தமான மணல். நான் குத்த, அவள் குந்தி உட்கார்ந்து தட்டால் வாரி வெளியே கொட்டினாள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மீன்காரப் பெண் வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னாத்துக்குமா நடு வூட்டுல தோண்டறீங்க? பொதையல் கீதுன்னு எவனா சொன்னானா?"

"தறிக்கு. உள்ள கால உட்டுக்கினு நெய்யணும்" என்றாள் என் மனைவி.

"நல்லாருக்குது போ. நாங்க செத்தாத்தான் குழியில எறங்குவோம். நீங்க சோறு துன்னவே எறங்குவீங்களா?"

என் மனைவி சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. கடப்பாரை முனை ஈரமாக வந்திருந்தது. இன்னொரு குத்து குத்தினேன். மணல் கறுத்தது. முழங்கை ஆழம்கூட ஆகவில்லை, அடியில் தண்ணீர் ஊறி வந்து பளபளவென்று நின்றது. வாரிக் கொட்டினால் அதே அளவுக்கு மறுபடி ஊறியது.

நான் அந்தத் தீவில் மாதக்கணக்கில் இருந்தவன். ஏரியும் கடலும் இரண்டு பக்கமும் கிடக்கின்றன. கூடத்தின் நீளம், உத்தரத்தின் உயரம், சன்னல் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தேன். குழிக்கு ஆழம் வேண்டும் என்பதும், ஆழத்தில் தண்ணீர் இருக்கும் என்பதும் என் புத்தியில் ஒன்றாகச் சேரவே இல்லை. எங்கள் தெருக் கிணற்றில் கயிற்றைக் கை எரிய எரிய இழுத்தால்தான் வாளி மேலே வரும்.

மீன்காரப் பெண் உள்ளே வந்து குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தாள்.

"அடியே, நல்ல தண்ணிடி! நாங்க அந்தாண்ட மேட்டுல போயி மொண்டுக்கினு வர்றோம், உங்களுக்கு வூட்டுக்குள்ளயே வந்திருக்குது. இருங்க, மூடிடாதீங்க, கொடம் கொண்டாறேன்." ஓடிப் போய்விட்டாள்.

என் மனைவி குழி ஓரத்தில் தறியில் உட்காருவதுபோல உட்கார்ந்து காலை உள்ளே விட்டாள். பாதம் முழுகி, கணுக்காலுக்கு மேல் ஏறியது. வெறுங்காலால் இல்லாத மிதிகளை ஒருமுறை மிதித்தாள். தண்ணீர் சலசலத்தது.

"தரைய ஒசத்திப்புடலாம். மண்ணு கொட்டி மேடு பண்ணிட்டா?" என்றேன்.

"மண்ணு எங்கேர்ந்து வரும்? தலையில சொமந்துக்கினு வரணும். ஈரம் எப்டியும் ஏறும். பட்டு நமுத்துப் போவும், ஜரிக கறுத்துப் போவும். எவன் வாங்குவான்?"

"கொஞ்ச நாளு தறி இல்லாம இருந்து பாரேன். காசு நான் கொண்டாறேன்."

"ஊர உடறதுக்குப் பயந்தா இம்மாந் தூரம் வருவேனா? கைய மடியில வச்சிக்கினு உக்காந்திருக்க என்னால ஆவாது. நீங்க குழிக்குள்ள எப்டி இருக்கிறீங்களோ, நான் வெளிய அப்டித்தான் இருப்பேன்."

கடப்பாரையைக் கீழே வைத்தேன். மாமனார் தறியில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தபோது என் முகம் எப்படி இருந்தது என்று அவள் பக்கத்துத் தறியிலிருந்து பார்த்திருக்கிறாள்.

மீன்காரப் பெண் இரண்டு குடத்தோடும் இன்னும் இரண்டு பெண்களோடும் வந்தாள். அவர்கள் மொண்டு முடிக்கும்வரை நாங்கள் வாசலில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றோம். அவர்களுக்கும் கொடுத்தோம். புளி தூக்கல் என்றார்கள்.

மேஸ்திரி வந்து கூடத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

"யோவ், வூடு பாக்கச் சொன்னா கெணறு வெட்டி வச்சிருக்க!"

"எங்களுக்குத் தோதுப்படாதுங்க" என்றேன்.

"ஏம்மா, நீயாவது சொல்லுமா. இப்டி வேல மறுபடி வருமா?"

"அவரு மேல தப்பில்லீங்க. எனக்குத்தான் ஆவல" என்றாள்.

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாவியை வாங்கி மடியில் சொருகிக்கொண்டு, குழியை மட்டும் மூட வேண்டாம் என்று சொன்னார்.

படகில் திரும்பினோம். காளவாய்ப் புகை வெகுநேரம் தெரிந்தது. அந்த வேலை போனது எனக்கு வருத்தம்தான். இனி எந்தச் சுவரைப் பார்க்கப் போகிறேன் என்பது தெரிந்திருந்தது.  அவள் வரும்போதுபோலப் பலகையைப் பிடிக்கவில்லை. ஈரப் புடவை முனையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

மெட்ராசில் காஞ்சிபுரம் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்து டம்ளரை நீட்டும்போது சொன்னாள்:

"அடுத்த தபா மேட்டு ஊரா பாருங்க."

அப்படித்தான் பார்த்தேன். அடுத்த சில வருடங்களில் நாங்கள் ஆரணிப் பக்கமும் சேலத்துப் பக்கமும் வேறு சில ஊர்களிலும் இருந்தோம். நான் கிடைத்த வேலைக்குப் போனேன், அவள் வீட்டில் தறி போட்டாள். எந்த ஊரில் வீடு பார்க்கப் போனாலும், கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் என்றுதான் முதலில் கேட்பாள். குடிவருகிறவர்கள் எதற்காக இதைக் கேட்பார்கள் என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். அதனால் கையெட்டும் ஆழம், கோடையிலும் வற்றாது என்று பெருமையாகச் சொல்வார்கள். அவள் திகைத்து நிற்கும் அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த தெருவுக்கு நடப்பாள்.