குதிக்கிறவருக்கு அளவெடுத்த கதை

மடியில் ஒரு கல்யாணப் பெண்ணின் பச்சை ஜாக்கெட் கிடக்கிறது. கொக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கொக்கி முடிந்து அடுத்ததற்கு நூல் கோக்கிற இடைவெளியில் இதை எழுதுகிறேன். அங்கங்கே அறுந்து அறுந்து இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தையல் தொழிலில் வெட்டுவது லேசு, தைப்பது அதைவிட லேசு, வந்து நிற்கிற ஆளின் உள்ள அளவைத் தெரிந்துகொள்வதுதான் பெரும்பாடு. டேப்பைக் கையில் எடுத்ததுமே மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பார்கள். "மூச்ச விடுங்க" என்று சொல்ல எனக்குக் கூச்சம். பேசாமல் ஒரு விரல் கூட விட்டு வெட்டிவிடுவேன்.

என்னைப் போல எட்டாம் வகுப்போடு மிஷினில் உட்கார்ந்தவர்களுக்கும், வீட்டுக்காரரைப் போனில் மட்டும் பார்க்கிறவர்களுக்கும் நான் சொல்லப்போவது விளங்கும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். சேரன்மகாதேவியில் எங்கள் தெருக்காரர்கள் எல்லாரும் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள்.

துணி மடிக்கிற வேலை

எங்க வீட்டுக்காரர் அரபு நாட்டில் இருக்கிறார். ஏரோப்பிளேனில் ஏறி, நடு வானத்தில் கதவைத் திறந்து, ஆட்கள் ஆசைப்பட்டுக் குதிக்கிற ஒரு மைதானம் அங்கே உண்டு. குதித்து வந்தவர்கள் பாராசூட்டை அள்ளிக்கொண்டுவந்து போடுவார்கள். அதை முட்டி போட்டு உட்கார்ந்து மடித்து, காற்றைப் பிதுக்கி, முதுகுப் பைக்குள் திணிப்பது இவர் வேலை. மடித்து மடித்து இவருக்கும் ஆசை வந்துவிட்டது. வேலைக்காரர்களுக்கும் சொல்லித் தந்தார்கள், இவரும் கற்றுக்கொண்டார். இவ்வளவு நாளும் மைதானத்துச் சாமானை இரவல் வாங்கிக் குதித்தார். இனிமேல் சொந்தமாக ஒரு செட்டு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். செட்டு என்றால் முதுகுப் பை, அதற்குள் ஒரு பாராசூட், அது விரியாவிட்டால் இன்னொன்று, தலைக்கவசம், உயரம் காட்டுகிற கடிகாரம், ஒரு உடுப்பு.

"அது விரியாட்டா இன்னொண்ணு" என்று அவர் சொன்னபோது ஊசி என் விரலில் ஏறிவிட்டது. அவரோ சேலையோடு ஜாக்கெட் துணியும் சேர்ந்து வருகிற மாதிரி சந்தோஷமாகச் சொன்னார். பாவாடை தைக்கக் கொடுத்திருந்த பேச்சியம்மாள் அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டு, நான் போனை வைத்ததும் கேட்டாள்: "ஏளா செல்வி, அவன் துணி மடிக்கத்தான போயிருக்கான்? ஜவுளிக்கடையில மடிக்கவன் என்னைக்காவது சேலையப் பிடிச்சிக்கிட்டு மாடியிலேருந்து குதிச்சிருக்கானா?"

துலாபாரத்து எடை

பாராசூட்டும் ஜாக்கெட் மாதிரிதான், ஆளுக்கு ஆள் அளவு உண்டு. ஆனால் மார்பு, இடுப்பு என்று கிடையாது. ஆளின் எடைதான் கணக்கு. புதிதாக வாங்குகிறவர் பெரிசாக வாங்க வேண்டும், பெரிசு பையப் பைய இறங்கும். சின்னது வெரசாக இறங்கும், கொஞ்சம் பிசகினாலும் காலை முறித்துவிடும், அதற்கு மேலும் செய்யும். இதையெல்லாம் எனக்குச் சொன்னதே அவர்தான். சொன்ன வாயாலேயே, ஊருக்குத் திரும்பிப் போகிற ஒரு வெள்ளைக்காரர் தன் செட்டை விற்கிறார், சின்னதுதான், ஆனாலும் எனக்குச் சேரும் என்றார்.

"சேரும்னு யாரு சொன்னா?"

"எடையக் கேட்டாரு, சொன்னேன். இந்த எடைக்குத் தாராளமாச் சேரும்ன்னாரு."

"எடை எங்கன பாத்திய?"

"அதான் திருச்செந்தூர்ல பாத்திருக்கே."

கல்யாணத்துக்கு முந்தி அவருக்கு மஞ்சள்காமாலை கண்டு பிழைத்தாராம். எழுந்து நடக்கத் தொடங்கியதும் என் மாமியார் நேர்ந்துகொண்டபடி துலாபாரம் கொடுத்தார்கள். ஒரு தட்டில் அவர், மறு தட்டில் வெல்லம். அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் அவர் எடை என்றால் அதுதான், பிறந்த தேதி மாதிரி மாறவே மாறாது. அப்போது முகத்தில் கண்ணும் மூக்கும் மட்டும்தான் இருந்தது என்று அத்தையே சொல்வார்கள். நோயில் கிடந்த எடையைச் சொல்லிப் பாராசூட் வாங்கப் போகிறாரே என்று அத்தையிடம் போய்ச் சொன்னேன். தொழிலில் எனக்குக் கூட்டாளியும் அத்தைதான், எம்மிங், அதுதான் ஓரம் மடித்துத் தைக்கிறது, முழுக்க அவர்கள் கை. ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்கள்: "சாமி சந்நிதியில போட்ட எடைளா அது. மளிகைக்கடைத் தராசா, கூடக்கொறைய இருக்கதுக்கு?"

ஆளில்லாத உடுப்பு

முதலில் வந்து சேர்ந்தது உடுப்புதான். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துணி, முன்னால் நீள ஜிப். அதுவும் வெள்ளைக்காரர் போட்டது, ஆள் பனை உயரம் போலிருக்கிறது. கையையும் காலையும் குறைத்துத் தரச் சொல்லி, காயல்பட்டினத்து பாய் ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். பாய் அங்கே ஊருக்குப் பார்சல் அனுப்புகிற கார்கோ கடையில் இருக்கிறவர், லீவில் வந்திருந்தார். அளவுக்கு என்று தான் இப்போது போடுகிற சட்டை ஒன்றும் பேண்ட் ஒன்றும் உள்ளே வைத்திருந்தார் எங்க வீட்டுக்காரர்.

வாய் பொய் சொல்லும், அளவுச் சட்டை சொல்லாது. அவர் புறப்படும்போது நான் தைத்துக் கொடுத்த சட்டையின் வெட்டுக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. சட்டையை விரித்து அதன் மேல் காகிதத்தை வைத்தேன். நாலு பக்கமும் சட்டை வெளியே தெரிந்தது. பேண்டின் இடுப்பில் வேறு நூல். அங்கே யாரோ ஒரு தையல்காரன் என் வீட்டுக்காரரின் இடுப்பைப் பிரித்து விட்டுத் தைத்திருக்கிறான், எனக்குத்தான் தெரியவில்லை. நல்லாச் சாப்பிடுகிறார் என்று சந்தோஷப்பட வேண்டியவள், டேப்பை எடுத்து அந்த இடுப்பைத் திரும்பத் திரும்ப அளந்தேன்.

உடுப்பைக் குறைத்துத் தைத்து, அலசிக் கொடியில் போட்டேன். ஆற்றுப் பக்கத்துக் காற்று உள்ளே புகுந்து, கையும் காலும் ஊதிக்கொண்டு அது எழுந்து எழுந்து ஆடியது. என் மகள் "அப்பா, அப்பா" என்று டாட்டா காட்டினாள். சேலைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுக்க வந்த டீச்சர் வாசலோடு நின்றுவிட்டார்கள். "எம்மா, ஆள் குதிக்கத கூடப் பாத்திருவேன். உள்ள ஆளே இல்லாம ஆடுது பாரு, அதத்தான் பாக்க முடியல."

மயில் கழுத்து நிறம்

மறுபடி போன் வந்தபோது வீடியோவில் அந்தச் சின்னப் பாராசூட்டை விரித்துக் காட்டினார். மயில் கழுத்து நிறம், ஓரத்தில் ஆரஞ்சு. "ஏட்டி, பட்டுச்சேலை மாதிரி இல்ல?" என்றார். இருந்தது, அதுதான் என் வயிற்றெரிச்சல். பக்கத்திலேயே இன்னொரு செட்டும் விலைக்குக் கிடந்தது. பெரிசு, வெளுத்துப்போன களிமண் நிறம். கூட வேலை பார்க்கிறவர்கள் அதற்குக் கல்யாணப் பந்தல் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"அந்தப் பெருசையே வாங்குங்க" என்று மெதுவாகச் சொன்னேன்.

"பந்தலத் தூக்கிக்கிட்டா குதிக்கச் சொல்லுத? பய எல்லாம் சிரிப்பானுவ."

சட்டையைப் பற்றி, இடுப்பைப் பற்றி, காமாலையைப் பற்றி எல்லாம் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எதிரே ஒரு கல்யாணப் பெண் அளவு கொடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள், அவள் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு பேர் முன்னால் வீட்டுக்காரரிடம் "ஒங்களுக்குச் சதை போட்டிருச்சி" என்று எப்படிச் சொல்ல? "சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான். பிறகு டேப்பை அந்தப் பெண்ணின் மார்பைச் சுற்றிப் பிடித்தேன். அவள் மூச்சை இழுத்தாள். ஒரு விரல் விடட்டுமா என்று கேட்டதற்கு அவள் சொன்னது: "வேண்டாங்க்கா, இன்னும் இறுக்கிப் பிடிங்க. போட்டோவுல நல்லா இருந்தாப் போதும், மூச்சப் பொறவு விட்டுக்கிடுதேன்."

சாமி தேடுகிற இடம்

பாய் திரும்பிப் போகிற நாள் வந்தது. உடுப்பை மடித்துக் கொடுக்க இருந்தேன். அத்தை கோயிலில் மந்திரித்த கறுப்புக் கயிறோடு வந்தார்கள். எங்கள் வீட்டில் புதுச் சாமான் எதுவும் கயிறு கட்டாமல் ஓடாது. என் மிஷின் சக்கரத்தின் மேலே இன்னும் இருக்கிறது, அவருடைய பழைய பைக்கிலும் இருக்கிறது. பாராசூட்டை இழுத்து விரிக்கிற கைப்பிடியில் இதைக் கட்டச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டுமாம். அந்தக் கைப்பிடிப் பக்கம் ஒரு நூல்கூடத் தொங்கக் கூடாது, சிக்கினால் அவ்வளவுதான் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆனால் அம்மா கொடுத்துவிட்டாள் என்றால் கட்டாமல் இருக்கவும் மாட்டார்.

அத்தைக்கு எதிராக நான் ஒரு வார்த்தை பேசினதில்லை. அன்றைக்கும் பேசவில்லை. கயிற்றை வாங்கி, உடுப்பின் முதுகில் தையலைப் பிரித்து, இரண்டு துணிக்கு நடுவில் படுக்க வைத்து, ரெட்டைத் தையல் போட்டு மூடிவிட்டேன். தடவிப் பார்த்தாலும் தெரியாது. அத்தை உடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கோபப்படவில்லை. குரல்தான் உடைந்துவிட்டது. அவர்களுக்கும் பயம் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது: "வெளிய தெரியுத மாதிரி கட்டுளா. உள்ள வச்சித் தைச்சிட்டா சாமி எங்கன போய்த் தேடுவாரு?"

கார்கோ தராசு

பாய் போன பிறகு ஒரு சாயங்காலம் மிஷினைத் துணி இல்லாமலே மிதித்துக்கொண்டு, அத்தை காதில் விழாதபடி அந்தச் சத்தத்துக்குள் போனைப் பிடித்துப் பேசிப் பதிவு செய்து அனுப்பினேன். "ஒங்க சட்டை எங்கிட்ட இருக்கு. ஒங்க இடுப்பு எனக்குத் தெரியும். துலாபாரத்த விடுங்க. பை, தொப்பி, சூ எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு பாய் கடைத் தராசுல ஒருக்க ஏறி நில்லுங்க. பொறவு ஒங்க இஷ்டம்." கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் இவ்வளவு நீளமாகப் பேசினதில்லை. அனுப்பியதும் அழிக்கப் பார்த்தேன், அதற்குள் கேட்டுவிட்டார் என்று காட்டியது. பதில் இல்லை. மறுநாளும் இல்லை. கோபமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு வீடியோ வந்தது. எங்களுக்கு சோப்பும் பால்பவுடரும் போர்வையும் கட்டி எடை போட்டு அனுப்புகிற அதே தராசு. அதன்மேல் இரவல் பையை முதுகில் மாட்டி, தலைக்கவசம் போட்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இவர். திருச்செந்தூர் எடையைத் தாண்டி எண் ஏறிக்கொண்டே போய் நின்றது. இவர் குனிந்து பார்க்கிறார், முகம் விழுந்துவிட்டது. படம் பிடித்த பாயின் குரல் மட்டும் கேட்டது: "அண்ணாச்சி, இந்தப் பார்சல ஏரோப்பிளேன்ல ஏத்த மாட்டாங்க, கப்பல்லதான் போடணும்!"

பந்தல்

களிமண் நிறத்தையே வாங்கிவிட்டார். ஒரு வாரம் போனில் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டே பேசினார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. நல்ல செட்டு அமையாதவரைக்கும் வாங்குவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவார், ஒருநாள் ஆசை விட்டுப்போகும் என்று எனக்குள் ஒரு நப்பாசை இருந்திருக்கிறது. சரியான அளவைச் சொல்லி, அதைக் கெடுத்துக்கொண்டதும் நானேதான்.

இன்றைக்கு முதன்முதலாகச் சொந்தச் செட்டோடு மேலே போகிறார். "ஏறப் போறேன்" என்று காலையில் ஒரு வரி அனுப்பினார். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. போனைப் பார்க்கப் பயந்து மகளிடம் கொடுத்துவிட்டேன். அத்தை கோயிலுக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. கொஞ்சம் முந்தி அந்தக் கல்யாணப் பெண் பச்சை ஜாக்கெட்டோடு வந்தாள். போட்டுப் பார்த்தாளாம், மூச்சு முட்டுகிறதாம். நான் அவளுக்குத் தெரியாமல் விட்டுவைத்த ஒரு விரல் துணியைப் பிரித்துக் காட்டியதும், "நல்ல வேளை, நான் சொன்னத நீங்க கேக்கலக்கா" என்றாள்.

அதற்குத்தான் இப்போது கொக்கியை மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று கொக்கி வைத்ததில் இரண்டு கோணல். கடைசியில் இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: ஆளைச் சரியாக அளந்துவிட்டால் நம் கையை விட்டுப் போகமாட்டார் என்று நினைக்கிறோம், ஆனால் அளவு சரியாக அமைந்தவர்தான் முதலில் கதவைத் திறந்து... இருங்க, மகள் போனைத் தூக்கிக்கிட்டு ஓடி வாறா, "யம்மா, அப்பா! அப்பா பேசுதாங்க"ங்கா, நான்