சாமியப்பன் போட்ட சத்தம்

சாமியப்பனுக்குப் படிப்பு ஏழாம் வகுப்பு வரைதான். ஆனால் பனியன் துணியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பிப் போனதாக இந்த இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் சொன்னதில்லை. வெள்ளகோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், திருப்பூரில் ஒரே கம்பெனியில், ஒரே மெஷின் முன்னால் நிற்கிறார். சாய்வாக வைத்த கண்ணாடிப் பலகைக்கு அடியில் டியூப் லைட் எரியும், மேலே துணி ஓடிக்கொண்டிருக்கும். கோளாறு கண்ணில் பட்டதும் "நிறுத்து" என்று ஒரு சத்தம் போடுவார். சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்கிற பீகார்க்காரர் மோட்டாரை அணைப்பார். அந்த ஆள் தமிழில் முதன்முதலாகக் கற்றுக்கொண்ட வார்த்தையே அதுதான். பக்கத்தில் முதலாளி நின்று பேசிக்கொண்டிருந்தாலும் சரி, சாமியப்பன் வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்துவிடும். யோசித்துப் போட்டால் துணி நாலு அடி தள்ளிப் போயிருக்கும், அப்புறம் ஓட்டையைத் தேடிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

இப்பேர்ப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு, பெற்ற மகள் விஷயத்தில் மனுஷன் எட்டு மாசம் கோட்டை விட்டார்.

மகள் தரணி பி.காம். இரண்டாம் வருஷம். சாயங்காலம் நாலரைக்கு வரவேண்டிய பெண் ஏழு மணிக்கு வரும். கேட்டால் லைப்ரரியில் படித்துவிட்டு வருவதாகச் சொல்லும். சாமியப்பனுக்கு அதில் பெருமை தாங்காது. லைப்ரரியில் ராத்திரி வரைக்கும் விடுகிறார்களா, அந்த லைப்ரரியில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு ஷூவெல்லாம் எதனால் செம்மண் ஆகிறது என்று ஒரு நாளும் அவர் கேட்கவில்லை. மகள் படிக்கிற படிப்பைப் பற்றி டீக்கடையில் இரண்டு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

ஒரு நாள் காலேஜிலிருந்து ஃபோனுக்கு மெசேஜ் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் சூப்பர்வைசரிடம் காட்டினார். உங்கள் மகள் கடைசி பீரியடுக்குப் பாதி நாள் வருவதில்லை, வருகைப்பதிவு குறைகிறது என்று அந்த ஆள் படித்துச் சொன்னார். மகள் சொன்னது நிஜம்தானா என்று தெரிந்துகொள்ள சாமியப்பன் அன்றைக்கே லைப்ரரிக்கு ஃபோன் போட்டுப் பார்த்தார். லைப்ரரி ஐந்து மணிக்கே பூட்டிவிடுவார்களாம்.

வேறு அப்பனாக இருந்தால் அன்றைக்கே கூப்பிட்டு நிறுத்திக் கேட்டிருப்பான். சாமியப்பன் கேட்கவில்லை. பத்து நாள் வாயைக் கட்டிக்கொண்டு திரிந்தார். மனைவி நிர்மலாவிடமும் மூச்சு விடவில்லை. பெண் எங்கே போகிறது, யாரோடு போகிறது என்கிற பயம் ஒரு பக்கம் இருக்கத்தான் செய்தது. அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. கேட்டு, அது தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டால்? அதற்குப் பிறகு அது சொல்கிற எதைத்தான் நம்புவது?

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஸ்பெஷல் கிளாஸ் இருப்பதாகச் சொல்லிவிட்டுத் தரணி விடிந்ததும் கிளம்பியது. இவரும் தன் எக்ஸெல் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஒன்பது மணிக்குக் காலேஜ் வாசலில் போய் நின்றார்.

ஸ்பெஷல் கிளாஸ் எந்தக் கட்டடத்தில் என்று கேட்டதற்கு வாட்ச்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னைக்கு என்னங் கிளாஸு? தட்டு வீசற போட்டி நடக்குதுங்க. கிரவுண்டுல போய்ப் பாருங்."

கிரவுண்டில் எட்டு காலேஜ்களிலிருந்து வந்திருந்தார்கள். பசங்களும் பெண்களுமாகச் சேர்ந்தே ஆடுகிறார்கள். கையில் ஒரு வெள்ளைத் தட்டு, பிளாஸ்டிக்கில். அதை வீசுவதும் பிடிப்பதுமாக ஒரே ஓட்டம். சாமியப்பன் ஒரு வேனுக்குப் பின்னால் மறைவாக நின்றுகொண்டு துணியைப் பார்ப்பதுபோல மைதானத்தை ஒரு ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். நடுவில், நீலப் பனியன் போட்டு, தலைமுடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடுவது தரணி. வீட்டில் ஒரு குடம் தண்ணீர் தூக்கச் சொன்னால் இடுப்பு வலி என்று சொல்கிற அதே தரணி.

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. இதற்காகவா எட்டு மாசம் பொய்? ஆனாலும் நெஞ்சில் இருந்த பாரத்தில் பாதி அப்போதே இறங்கிவிட்டது. அவர் பயந்துகொண்டு வந்தது வேறு எதற்கோ அல்லவா. கூப்பிட்டு வண்டியில் ஏற்றலாம் என்று காலைத் தூக்கினார், தூக்கிய கால் நகரவில்லை. மகள் ஆடுகிற ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது.

வேனுக்குப் பக்கத்தில் தண்ணீர் கேன் வைத்துக்கொண்டு ஒரு மாணவி நின்றிருந்தாள். அவளிடம் விசாரித்தார். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது, வீசித்தான் ஆகவேண்டும். கடைசிக் கோட்டைத் தாண்டி நிற்கிற தன் ஆள் பிடித்தால் ஒரு பாயிண்ட். பிடிப்பதற்கு முன் தரையில் பட்டுவிட்டால் தட்டு எதிராளிக்கு. இதெல்லாம் புரிந்தது. அம்பயர் எங்கே என்று கேட்டார்.

"அம்பயரே கெடையாதுங்க. தப்புப் பண்ணுனவங்களே சொல்லிக்கோணும். பக்கத்துல இருந்து பாத்த பிளேயர் சொல்லலாம். வெளியாளு சொன்னாச் செல்லாதுங்க."

சாமியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. துணி ஓட்டினவனையே செக்கிங்குக்கும் நிறுத்தினால் எந்த ரோல் ரிஜெக்ட் ஆகும் என்று நினைத்துக்கொண்டார். உலகத்தில் இப்படி ஒரு கம்பெனி நடந்தால் மூன்றே மாசத்தில் இழுத்து மூட வேண்டியதுதான்.

மத்தியானத்துக்குள் தரணியின் காலேஜ் பைனலுக்கு வந்துவிட்டது. எதிரில் உடுமலைப் பக்கத்துக் காலேஜ். பதினொன்றுக்குப் பதினொன்று. அடுத்த பாயிண்ட் யாருக்கோ கப் அவர்களுக்கு. சாமியப்பன் மறைவையெல்லாம் மறந்து கோட்டுக்கு ஓரமாகவே வந்து நின்றிருந்தார்.

தரணியின் அணியில் நித்தீஷ் என்று ஒரு பையன். அவன் பாதி மைதானத்திலிருந்து ஓங்கி வீசினான். தட்டு காற்றில் மிதந்து கடைசிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கியது. தரணி ஓடியது, பின்னாலேயே உடுமலைக்காரப் பையன் ஒருவனும் ஓடினான். எட்டாது என்று தோன்றிய இடத்தில் தரணி அப்படியே உடம்பை நீட்டித் தரையில் பாய்ந்தது. தட்டு கைக்குள் வந்துவிட்டது. நீலப் பனியன்கள் அத்தனையும் கத்திக்கொண்டு ஓடின.

ஆனால் சாமியப்பன் பார்த்துவிட்டார். விரல் மூடுவதற்கு ஒரு நொடிக்கு முன் தட்டின் விளிம்பு மண்ணைத் தொட்டது. துளிப் புழுதி கிளம்பி அடங்கியது.

"நிறுத்து!"

கிரவுண்டே திரும்பிப் பார்த்தது. ஓடியவர்கள் நின்றார்கள். தரையில் கிடந்த தரணி தலையைத் தூக்கிப் பார்த்தது. அப்பனும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாமியப்பனுக்கு அந்த இடத்திலேயே புதைந்து போகலாம் போல இருந்தது. துப்பறிய வந்த ஆள், ஊரைக் கூட்டி மகள் தலையில் கல்லைப் போட்டுவிட்டார்.

தரணி அணியின் கேப்டன் சுபஸ்ரீ அவரிடம் ஓடி வந்தாள். வெளியாட்கள் எதுவும் சொல்லக்கூடாதுங்க அங்கிள், தள்ளி நில்லுங்க என்று மரியாதையாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பி, பிடித்தாயா இல்லையா என்று தரணியைக் கேட்டாள்.

தரணி எழுந்து உட்கார்ந்து வாயிலிருந்த மண்ணைத் துப்பியது.

"கீழ பட்டுருச்சு."

நித்தீஷ் தலையில் கையை வைத்துக்கொண்டான். தட்டை உடுமலைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஐந்தே வீச்சு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோய் பாயிண்ட் எடுத்து ஆட்டத்தை முடித்துவிட்டார்கள்.

சாமியப்பன் வேனுக்குப் பின்னாலேயே போய் நின்றுகொண்டார். பிள்ளைகளின் கப்பைக் கெடுத்துவிட்டோமே என்கிற வருத்தம் இருந்தது, ஆனால் அவரைக் குடைந்தது அது இல்லை. நான் சத்தம் போட்டதால் சொன்னதா, தானாகச் சொன்னதா? அப்பன் நிற்பதைப் பார்த்துவிட்டு, மாட்டிக்கொண்டோம் என்பதால் சொல்லியிருந்தால்? தான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் தெரிந்திருக்கும். இனிமேல் அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. பத்து நாள் பொறுத்தவருக்கு இன்னும் பத்து நொடி பொறுக்க முடியவில்லை.

இந்த ஆட்டத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. முடிந்ததும் ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் ஆளுக்கு ஆள் மாறி மாறித் தோளில் கை போட்டு வட்டமாக நிற்பார்கள். எதிரணி எப்படி ஆடியது, எங்கே மனசு நொந்தது என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்வார்கள். தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில்தான் வட்டம் போட்டார்கள். சாமியப்பன் வேண்டுமென்றே ஒட்டுக் கேட்கவில்லை, காதில் விழுந்தது.

தரணியைத் துரத்திக்கொண்டு ஓடின பையன் பேசினான். யுவன் என்று பெயர் சொன்னார்கள். எனக்குத் தரணியின் முதுகுதான் தெரிந்தது, பிடித்ததாகவே நினைத்தேன் என்றான்.

"கீழ கெடக்கறப்பவே என்னப் பாத்து, பட்டுருச்சு பட்டுருச்சுன்னு ரெண்டு தடவ சொன்னாங்க. நீங்கெல்லாம் கத்துன கத்துல யாருக்கும் கேக்கல. அப்பறந்தான் அந்த அங்கிள் சத்தம் போட்டாரு. சத்தியமா, நானா இருந்தாக் கம்முனு எந்திரிச்சுப் போயிருப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சாமியப்பன் வேன் டயர் மேல் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். அப்பாடா என்று அவர் சொன்னது தண்ணீர் கேன் பெண்ணுக்குக் கேட்டு, வெயில் ஒத்துக்கவில்லையோ என்று ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மறுக்காமல் வாங்கிக் குடித்தார்.

கொஞ்ச நேரத்தில் தரணி வந்து எதிரில் நின்றது. முழங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது.

"எப்பங்ப்பா வந்தீங்க?"

"ஒம்போது மணிக்கு."

அது ஷூவில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தரையில் தேய்த்தது. பிறகு, லைப்ரரிக்கு ஒரு நாளும் போனதில்லை, இதற்குத்தான் வந்துகொண்டிருந்தேன், சொன்னால் விடமாட்டீர்கள் என்றுதான் சொல்லவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டது. சாமியப்பனும் மறைக்கவில்லை. பசங்களோடு ஓடியாடுகிற ஆட்டம் என்றால் விட்டிருக்க மாட்டேன்தான் என்றார். மெசேஜ் வந்து பத்து நாளானதையும் சொன்னார்.

"ஏனுங்ப்பா எங்கிட்டக் கேக்கல?"

"கேட்டு, நீ மறுக்காவும் ஒரு பொய்யச் சொல்லிப்போட்டீன்னா நான் என்ன கண்ணு பண்ணுவேன்?"

தரணிக்குக் கண் கலங்கியது. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனான்னு எனக்கே தெரியலீங்ப்பா என்றது. கட்டாயம் சொல்லியிருப்பேன் என்று அது தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருந்தால் சாமியப்பன் நம்பியிருக்க மாட்டார். இதை நம்பினார்.

கடைசி பீரியடுக்குப் போகவேண்டும், அது மட்டும் மாறக்கூடாது, மீறினால் அடுத்த போட்டிக்கும் வந்து சத்தம் போடுவேன் என்றார். அந்தப் பக்கமாகச் சோற்றுப் பொட்டலத்தோடு வந்த நித்தீஷ், வேண்டாங்க அங்கிள், நானே கிளாஸ்ல கொண்டுபோய் உட்கார வைக்கறேன் என்று கும்பிட்டான்.

எக்ஸெல்லில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, அம்மாவிடம் என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள் என்று தரணி கேட்டது. முடி வெட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்ததாகச் சாமியப்பன் சொன்னார். தரணி சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது.

"அங்க பாருங்ப்பா, சலூன் தொறந்திருக்குது. வெட்டிட்டுப் போனா அம்மாவுக்கு ஒண்ணுந் தெரியாது."

சாமியப்பன் வண்டியை மெதுவாக்கக்கூட இல்லை.

"வேண்டாங் கண்ணு. ஊட்டுக்குப் போயி ரெண்டு பேரும் சொல்லிப் போடலாம்."