மேற்குப் பக்கத்துச் சன்ஷேடு

கீழக்கரையில் கடலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது மஜீதாவின் வீடு. கணவர் சதக்கத்துல்லா குவைத்தில் வேலை பார்த்ததால், அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து கூடவே நின்று கட்டியவள் அவள்தான். கொத்தனாரோடு மல்லுக்கு நின்றதும், காங்கிரீட்டுக்கு மாடியேறித் தண்ணீர் ஊற்றியதும் அவள்தான். தெருவில் யார் வீடு கட்டினாலும் அவளை ஒரு வார்த்தை கேட்பார்கள்.

உப்புக்காற்றில் மேற்குப் பக்கத்துச் சன்ஷேடின் கம்பி துருவேறி, அடியில் விரிசல் விட்டது. "இடிச்சிட்டுப் புதுசாப் போட்ருங்க" என்றார் கொத்தனார். இப்போதைக்குச் சிமென்ட் பூசினால் போதும் என்றாள் மஜீதா. பூசியதும் விரிசல் கண்ணில் படவில்லை, மனதிலிருந்தும் போய்விட்டது.

நோன்புக்கு முன்னால் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலையை வீரமணியிடம் மொத்தக் காண்ட்ராக்டாகக் கொடுத்தாள். மேற்குப் பக்கம் குறுகலான சந்து. சாரம் கட்டுவது சிரமம் என்று அவர் மாடியிலிருந்து சன்ஷேடில் இறங்கி நின்று சுவரைச் சுரண்டினார். அடுப்படியில் இருந்த மஜீதாவுக்கு இடி விழுந்தாற்போல் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், உடைந்த காங்கிரீட்டுக்கு நடுவே வீரமணி கிடந்தார். இரண்டு குதிகால் எலும்பும் நொறுங்கியிருந்தன.

அன்று சதக்கத்துல்லா போனில் தெளிவாகச் சொன்னார்: "சாரம் கட்டாம ஏறுனது அவரு தப்பு. மொத்தமா வேலை எடுத்தவரு, நமக்குப் பொறுப்பு கிடையாது. அந்த விரிசலைப் பத்தி யாருகிட்டயும் மூச்சு விடாத."

அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டே மஜீதா ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வீரமணியின் மனைவி பாண்டியம்மாள் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா இருந்த சன்ஷேடு எப்படிக்கா திடீர்னு விழும்? இவுக குடிச்சிட்டு ஏறித் தவறி விழுந்தாகன்னு உங்க தெருவுல பேசுறாகளாம். இந்த மனுசன் அதத் தொட்டதே இல்ல."

மஜீதா வெளியே வந்தாள். பேருந்து நிலையம் வரை நடந்தவளுக்குப் பேருந்தில் ஏற மனம் வரவில்லை. தான் வாயை மூடிக்கொண்டால், அடிபட்டவன் குடிகாரன் என்ற பெயரையும் சுமக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போனாள்.

"அந்தச் சன்ஷேடு நல்லா இல்ல தம்பி. கம்பி துருப்பிடிச்சிருந்தது எனக்குத் தெரியும். பூசி மறைச்சது நான்தான்."

"சாரம் கட்டாதது என் தப்புத்தான்க்கா" என்றார் வீரமணி. " ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அதுல கால் வச்சிருக்க மாட்டேன்ல?"

பாண்டியம்மாள் எழுந்து நின்றாள். "இப்ப வந்து சொல்றீகளே, இது எதுக்கு எங்களுக்கு? எந்திரிச்சு நடந்துருவாகளா?"

அடுத்த மாதம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. "நீயே வாயக் கொடுத்து மாட்டிக்கிட்ட" என்று சதக்கத்துல்லா கத்தினார். மஜீதா பார்த்த வக்கீலும், விரிசல் இருந்தது அவளுக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியுமா என்றுதான் முதலில் கேட்டார். முடியாது என்றாள். வேலையை எப்படிச் செய்வது என்பது காண்ட்ராக்டரின் பொறுப்பு, ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தால் அதைச் சொல்லும் கடமை அவருடையது என்றார் வக்கீல். வழக்குக்குப் போகாமல் பேசி முடித்தார்கள். மருத்துவச் செலவும், வீரமணி வேலைக்குத் திரும்பும்வரை அவர் வீட்டுச் செலவும் மஜீதாவின் பொறுப்பு. முன்னறையை ஒரு தையல் கடைக்கு வாடகைக்கு விட்டு, தவறாமல் கொடுத்துவந்தாள். தெருவில் குடிப் பேச்சை எடுத்தவர்களிடம் நடந்ததை அவளே சொன்னாள்.

வீரமணி இப்போது ஏணி ஏறுவதில்லை. கீழே நின்று ஆட்களை வேலை வாங்குகிறார். சதக்கத்துல்லா விடுமுறையில் வந்தபோது இருவரும் அவரைப் பார்க்கப் போனார்கள். வீரமணி நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசினார். பாண்டியம்மாள் கடைசிவரை உள்ளேயிருந்து வரவில்லை.

"இன்னும் கோவம் போல" என்றார் சதக்கத்துல்லா, திரும்பி வரும்போது.

"இருக்கட்டும் மச்சான்" என்றாள் மஜீதா. அந்தக் கோபம் தணிய வேண்டும் என்று கேட்கும் உரிமை தனக்கு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.