நிமிர்ந்து நின்று வலை இழுப்பவர்கள்

14 ஆகஸ்ட் 1999, சனிக்கிழமை, காலை 6.40. நொச்சிக்குப்பம் கடற்கரை. வரைந்து முடித்த மனித உருவங்கள்: 23.

திங்கட்கிழமை கிண்டியில் ஓர் அனிமேஷன் கம்பெனியில் எனக்கு நேர்முகத் தேர்வு. வேலை செய்யும் மனிதர்களை வரைந்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. கரையில் நின்று வலை இழுத்தவர்களை ஸ்கேல் வைத்து, ஆளின் உயரம் அவர் தலையைப் போல எட்டு மடங்கு என்ற ஓவியக் கணக்குப் பிசகாமல் வரைந்திருந்தேன்.

மீன் கூடையோடு போன அக்கா ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, அல்லாரும் ரேசன் கடை கியூவுல நின்னுக்கினு கீறாங்க?"

"வலை இழுக்கறாங்கக்கா. அளவெல்லாம் கரெக்டா இருக்கு."

"அளவு கெடக்கட்டும். நீ போய் ஒருவாட்டி இழுத்துப் பாரு."

வீம்புக்குப் போனேன். என் படத்தில் இருப்பவர்களைப் போலவே கண்ணியமாக நிமிர்ந்து நின்று கயிற்றைப் பிடித்தேன். கடல் ஓர் இழுப்பு இழுத்தது. குப்புற விழுந்தேன்.

பின்னால் இருந்தவர் சிரித்தார். "குந்துற மாரி பின்னால சாஞ்சிக்க மச்சி."

சாய்ந்தேன். குதிகால் மணலில் புதைந்தது, கயிறு நகர்ந்தது. விசைகளின் சமநிலைப் பாடத்தில் நான் வாங்கியது 92 மதிப்பெண் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இனிச் செய்யப்போவது:

1. தோலுரிந்த உள்ளங்கைக்கு மருந்து போடுவேன்.
2. நாளை காலை அதே இடத்தில் 23 பேரையும் திரும்ப வரைவேன், ஸ்கேல் இல்லாமல்.
3. நிமிர்ந்து நின்றபடி வலை இழுக்கத் தெரிந்தவர் இதைப் படிக்கும் நம் மின்னஞ்சல் குழுவில் யாராவது இருந்து இன்றிரவுக்குள் மடல் போட்டால், இரண்டாவதை ரத்து செய்வேன்.