மூன்றாவது பெட்டியில் இருந்த மனுக்கள்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதும்போது முன்னால் வரவேண்டியது பின்னால் வந்துவிடும். சிலது மறந்தும் போயிருக்கும். பொறுத்துப் படியுங்கள்.

திருச்சுழியில் எங்களுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. உள்ளே மூன்று பழைய கம்ப்யூட்டர். வீட்டுக்காரர் இருந்தவரை ஜெராக்ஸ் என் வேலை, மனு அடிப்பது அவர் வேலை. பட்டா மாறுதல், ரேஷன் கார்டு, விதவைப் பென்ஷன், கண்மாய் மடை உடைப்பு என்று எதற்கும் ஒரு மனு அடித்து வைத்திருப்பார். அவர் போன பிறகு நான் அவற்றைத் திறந்து, ஒற்றை விரலால் பேரையும் ஊரையும் மட்டும் மாற்றிக் கொடுத்து வந்தேன். சொந்தமாக ஒரு மனு எழுத எனக்கு வராது. கடை ஓடியது அவர் வார்த்தையில்தான்.

கம்ப்யூட்டர் பெட்டிகள்தான் படுத்தின. வருகிறவர்களின் பென் டிரைவிலிருந்து ஏதாவது வைரஸ் ஏறிவிடும். பெட்டியைத் துண்டில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறுவேன். சரிசெய்து கொண்டுவந்தால் ஒரு மாதம் தாங்கும், பிறகு அடுத்தது. தோள்பட்டையே விட்டுப்போயிற்று. "இதுக்கு ஒரு ஆட்டுக்குட்டியத் தூக்கிட்டு வரலாம், கத்தவாவது செய்யும்" என்பார் கண்டக்டர்.

அங்கே ரிப்பேர் பார்க்கிறவர் துபாயில் பல வருடம் இதே வேலை பார்த்துத் திரும்பியவர். தாடி நரைத்துவிட்டது, எனக்கு என்னவோ தம்பிதான்.

"எத்தன தடவம்மா தூக்கிட்டு வருவீக? பழைய பொட்டிக்குத் தோதா லேசான சிஸ்டம் ஒண்ணு போட்டுத் தாரேன். அதோட முழு நகலையும் உள்ளயே ஒரு ஓரத்துல வச்சிருவேன். கெட்டுப்போனா, ஆன் பண்ணும்போது வர்ற ரெண்டாவது வரிய அமுக்குங்க. அரைமணி நேரத்துல மொத நாள் மாதிரி ஆயிரும். உங்க பைலு தனிப் பகுதியில கெடக்கும், அதத் தொடாது."

ஒன்று மட்டும் நான் செய்ய வேண்டும். முதல் தடவை போடும்போது உள்ளே இருப்பது முழுக்க அழிந்துவிடுமாம். அவர் வருவதற்குள் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்து, எடுத்த பெட்டிக்கு அடையாளம் வைக்கச் சொன்னார்.

"சீட்டு ஒட்டுனா எங்க புழுதிக்கு நிக்காது தம்பி. ஒரு குங்குமப் பொட்டு வச்சிருறேன்."

"சரிம்மா. பொட்டு இருந்தா உள்ள இருக்குறத அழிச்சிருவேன்."

புதன்கிழமை ஒரு பெட்டி முடித்துப் பொட்டு வைத்தேன், வியாழக்கிழமை ஒன்று. மூன்றாவது வீட்டுக்காரருடையது. மனுக்கள் அதில்தான். பாதி ஏறும்போது கரண்டு போய்விட்டது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கடையைச் சாத்தினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் கடை திறந்ததும் ஜெராக்ஸ் மெஷின், பெட்டிகள், மேசை எல்லாம் துடைத்துப் பொட்டு வைப்பது எத்தனையோ வருடப் பழக்கம். கை தானாக மூன்று பெட்டிக்கும் வைத்தது. அன்று பூராவும் ஆள் நெருக்கடி. மூன்றாவது பெட்டி நினைப்பிலேயே வரவில்லை.

சனிக்கிழமை ரிப்பேர்த் தம்பி வந்தார். "மூணுலயும் பொட்டு இருக்கு. ஆரம்பிக்கவாம்மா?"

"ஆரம்பிங்க தம்பி" என்றேன், தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

பென் டிரைவில் இருந்ததைத் திரும்ப ஏற்றும்போதுதான் தெரிந்தது. மனுக்கள் இல்லை. பாதி ஏறியிருந்த பைலும் திறக்கவில்லை. பொழுது சாய்கிற மட்டும் என்னென்னவோ செய்து பார்த்தார்.

"பழசு மேல புதுசு எழுதியாச்சும்மா, இனி வராது. நானும் ஒரு தடவ தெறந்து பாத்திருக்கணும்."

"பொட்டு வச்சது நானு. நீங்க என்ன செய்வீக?"

பெட்டிகள் மூன்றும் நன்றாக ஓடின. கடைதான் ஓடவில்லை. மனு கேட்டு வந்தவர்களிடம் ரிப்பேர் என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பினேன். பூட்டிவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. அப்போதுதான் நரிக்குடிப் பக்கமிருந்து ஆடு வளர்க்கிற அம்மா ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும்.

"ஏத்தா, பொட்டி பளபளன்னு எரியுது. இதுவா ரிப்பேரு?"

உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? ஒம் வீட்டுக்காரக அடிச்ச மனு எங்கிட்ட இருக்கு. ஆட்டுக் கொட்டகைக்குக் குடுத்தப்ப, ஒரு நகல் வீட்டுல வையின்னு உசுர வாங்குனாக. நீதான ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்த?"

நான்தான் எடுத்தேன். யாருக்கு மனு அடித்தாலும் ஒரு நகல் எடுத்துக் கையில் கொடுக்கச் சொல்வார். அவ்வளவு எடுத்தும் எனக்கு அது தோன்றவில்லை.

அந்த அம்மா போகிற வழியெல்லாம் சொல்லியிருக்கிறார். ஒவ்வொருவராகக் கொண்டுவந்தார்கள். தகரப்பெட்டியில் இருந்தது, சாமி படத்துக்குப் பின்னால் செருகியது, பல்லி முட்டை ஒட்டியது. ஒரு மனு அடித்து முடிக்க எனக்கு ஒரு நாள் ஆகிறது. கண் எரியும், நிறுத்திவிட்டு மறுபடி உட்காருவேன். அடித்ததை அன்றன்றைக்கே பென் டிரைவில் ஏற்றிவிட்டுப் பெட்டியில் நூல் கட்டுகிறேன். பொட்டை அடையாளமாக வைப்பதில்லை.

ரெண்டாவது வரியை இதுவரை இரண்டு தடவை அமுக்கியிருக்கிறேன். தம்பி சொன்னபடியே பெட்டி முதல் நாள் மாதிரி வந்தது. மனுக்கள் அப்படியே இருந்தன. ஆனாலும் அந்த அரைமணி நேரமும் எனக்கு உட்கார முடியாது.

விதவைப் பென்ஷன் மனுவில் மட்டும் ஒரு சந்தேகம். கிடைத்த நகல் ஒன்றே ஒன்று. நடுவில் ஒரு வரி மடிப்பில் தேய்ந்துவிட்டது. "வேறு வருமானம் ஏதுமின்றி" என்று நானாகப் போட்டு நிரப்பியிருக்கிறேன். அந்த மனு வைத்திருக்கிறவர்கள் யாராவது கடைக்குக் கொண்டுவந்து, வீட்டுக்காரர் என்ன எழுதியிருந்தார் என்று ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.