அபிதகுசாம்பாள் திறந்த ஃபோல்டர்

பத்தாவது முடித்ததும் அபிதகுசாம்பாளுக்கு டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளத்தான் ஆசை. சேரப்போன இடத்தில் மெஷின்கள் எல்லாம் ரிப்பேராகிக் கிடந்ததால், "ஒரு மாசம் கம்ப்யூட்டர்ல உக்காரும்மா, அப்பால பாத்துக்கலாம்" என்றார்கள். அந்த ஒரு மாதம் இருபத்து மூன்று வருடமாக நீண்டுவிட்டது. கலசப்பாக்கத்திலிருந்து ஆரணிக்கு மருமகளாக வந்தபோது அவளுக்குத் தறியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கட்டம் கட்டமாகக் கோடு போட்ட தாளில் மாமனார் பூ வரைவதைப் பார்த்தவள், "இத கம்ப்யூட்டர்லயே போடலாமே மாமா" என்றாள். அன்று தொடங்கியது. இப்போது ஊரில் பாதி நெசவாளர்கள் கரைக்கும் முந்தானைக்கும் அபிதாவைத் தேடித்தான் வருகிறார்கள். முழுப்பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது.

வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள். கீழே, வாசலை ஒட்டிய அறையில் இருப்பது போன மாதம் வாங்கியது. அபிதா அதில்தான் டிசைன் போடுவாள். மாடியில் இருப்பது பழசு. தறியின் மேல் ஏற்றுகிற அட்டைகளில் டிசைனுக்கேற்ப ஓட்டை போடும் மெஷினோடு அதை இணைத்திருந்தார்கள். அந்த ஓட்டைகளின்படிதான் தறியில் பூ விழும். மெஷினை ஓட்டுவது அவள் கணவர் தணிகாசலம். அந்த மெஷினுக்கான மென்பொருள் பழைய கம்ப்யூட்டரை விட்டு வேறெங்கும் வேலை செய்யாது. ஆகவே கீழே போட்ட டிசைன் ஒவ்வொன்றும் பென் டிரைவில் ஏறி, பதினெட்டுப் படி கடந்து மாடிக்குப் போகும்.

அந்தச் சனிக்கிழமை காலை பென் டிரைவைச் செருகியபோது, அதிலிருந்த கோப்புகள் எல்லாம் ஒரே அளவில், ஒரே மாதிரி ஷார்ட்கட்டாக மாறிக் கிடந்தன. வைரஸ். அதைக் கொண்டுபோய் மாடியில் செருகினால் மெஷினே படுத்துவிடும். அபிதா அதைப் பிடுங்கி டிராயருக்குள் போட்டு மூடினாள்.

சரியாக அந்த நேரத்தில் வாசலில் ஏசுதாஸ் வந்து நின்றார். முப்பது வருடமாகப் பட்டு நெய்கிறவர். ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் சேலை நெய்து கொடுத்தவர், முதல் தடவையாகத் தன் மகள் சோபியாவின் கல்யாணச் சேலைக்குத் தறியைத் தயார் செய்திருந்தார். மாங்காயும் அன்னமும் வேண்டாம், கரையில் கோதுமைக் கதிரும் திராட்சைக் கொடியும் வேண்டும் என்று கேட்டிருந்தார். அபிதா அப்படி ஒன்றை இதற்குமுன் போட்டதே இல்லை. மாதா கோவில் பீடத்தின் மரச் செதுக்கலைப் போனில் படம் பிடித்து வந்து, இரண்டு வாரம் உட்கார்ந்து கரையை முடித்திருந்தாள். முந்தானைக்குத்தான் நேரம் போதவில்லை. வெறும் கோடுகள் என்று முடிவாகியிருந்தது.

"தறியில பாவு நூல் ஏத்தியாச்சு தங்கச்சி. அட்டை வந்துட்சின்னா இன்னிக்கே கட்டிருவேன். கல்யாணத்துக்கு இருபத்தோரு நாள்தான் கீது" என்றார் ஏசுதாஸ்.

"உக்காருங்கண்ணா. ஒரு சின்ன பேஜாரு. சரி பண்ணிட்றேன்."

தணிகாசலம் ஏற்கெனவே ரிப்பேர்க் கடைக்காரருக்குப் போன் போட்டிருந்தார். "ரெண்டையும் ஃபார்மேட் பண்ணிரலாம்ணா, திங்கக்கெழம வரேன்" என்று பதில் வந்தது. அந்தக் கடைக்காரருக்கு எந்த நோய்க்கும் அந்த ஒரே மருந்துதான்.

"திங்கக்கெழம வரைக்கும் அண்ணன உக்கார வெக்க முடியுமா?" என்றாள் அபிதா. "ரெண்டுத்துக்கும் நடுவுலதான் வயர் போட்டு வெச்சிருக்கே. மாடி ஃபோல்டர இங்கருந்தே தொறந்து உள்ள போட்டா ஆச்சு. நானே பாக்கறேன்."

புதுக் கம்ப்யூட்டர் வந்தபோதே போட்ட வயர். இதுவரை யாரும் அதைப் பயன்படுத்திப் பார்க்கவில்லை. அபிதா கீழ்க் கம்ப்யூட்டரில் நெட்வொர்க்கைத் திறந்தாள். தன் கம்ப்யூட்டரின் பெயர் மட்டும் அநாதையாக நின்றது. மாடிக் கம்ப்யூட்டர் இருப்பதற்கே அடையாளம் இல்லை.

போனில் தேடினாள். தமிழில் ஒரு வீடியோ, ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். முதல் விஷயம் புரிந்தது. மாடிக் கம்ப்யூட்டர் வீட்டு நெட்வொர்க்கைப் பொது இடம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் நிற்பவன் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வதுபோலத் தன்னை மூடி வைத்திருக்கிறது. படியேறி ஓடினாள். 'பப்ளிக்' என்றிருந்ததை 'ஹோம்' என்று மாற்றினாள். இறங்கி வந்து பார்த்தால், இரண்டாவது பெயர் திரையில் வந்து உட்கார்ந்திருந்தது.

"வந்துட்சி! இன்னாங்க, வந்துட்சி!" என்று கத்தினாள்.

மாடியிலிருந்து தணிகாசலம், "ஃபைலா?" என்றார்.

"இல்ல, பேரு!"

பெயரின் மேல் கிளிக் செய்ததும் ஒரு கட்டம் எழும்பி யூசர் நேம், பாஸ்வேர்டு கேட்டது. மாடிக் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டே கிடையாது. காலியாக விட்டு அழுத்தினாள். விடவில்லை. ஏசுதாஸ் டீ டம்ளரைக் கையில் பிடித்தபடி எட்டிப் பார்த்தார்.

"ஒரே வூட்டுக்குள்ள இருந்துகினு ஒன்னுக்கொன்னு பர்மிஷன் கேக்குதா? மாமியா மருமவ கதையா கீதே."

அபிதா சிரித்தாள், ஆனால் கண் திரையிலேயே இருந்தது. இதுவரை இப்படி வரும் செய்திகளில் முதல் வரியைப் படித்ததும் மூடிவிடுவது அவள் வழக்கம். இன்று கடைசி வரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பாஸ்வேர்டு இல்லாத கணக்கை வெளியிலிருந்து வருபவருக்குத் திறக்க மாட்டேன் என்பதைத்தான் அது சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. மறுபடியும் பதினெட்டுப் படி. மாடிக் கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டு வைத்தாள். இறங்கி வந்து அதைத் தட்டியதும் மெஷினின் ஃபோல்டர் திறந்துகொண்டது. மாடியில் இருக்கும் கோப்புகள் வரிசையாகக் கீழே தெரிந்தன. ஏதோ அடுத்த ஊர்க் கதவைத் தன் வீட்டு நாற்காலியில் இருந்தபடியே திறந்துவிட்டதுபோல் அவளுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது.

கரை டிசைனை எடுத்து உள்ளே போட்டாள். 'அனுமதி இல்லை' என்று வந்தது.

"ச்சே!"

"போதும் உடு, திங்கக்கெழம அவரே வரட்டும்" என்று தணிகாசலம் பாதிப் படியில் நின்று சொன்னார்.

"பாக்க உடுது, எழுத உடமாட்டேங்குது. அவ்ளோதாங்க பாக்கி. ஜல்தி கீழ வாங்க. நான் மாடிக்குப் போறேன், நீங்க இங்க உக்காந்து நான் சொல்லச்சொல்ல போட்டுப் பாருங்க."

இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். மாடியில் அந்த ஃபோல்டரின் மேல் வலது பக்க கிளிக் செய்து, ஷேரிங் என்ற பகுதிக்குள் போனாள். 'எல்லோரும்' என்பதற்கு எதிரே 'படிக்கலாம்' என்பதில் மட்டும் டிக் இருந்தது. 'மாற்றலாம்' என்பதிலும் டிக் வைத்தாள்.

"போடுங்க!"

"இல்லன்னுது!"

திரும்பவும் உள்ளே போனாள். பக்கத்திலேயே செக்யூரிட்டி என்று இன்னொரு பகுதி இருந்தது. அதில் தனியாக இன்னொரு பட்டியல். அப்போதுதான் பொறி தட்டியது. ஷேரிங் தெருவாசல் என்றால் இது உள்கதவு. இரண்டும் திறந்தால்தான் வழி. மாடியில் உட்கார்ந்து வேலை செய்யும்போது அவள் அந்தக் கம்ப்யூட்டருக்கே அதிகாரி, எதுவும் தடுக்காது. வயர் வழியாக வரும்போது அந்த அதிகாரம் கூட வருவதில்லை, சாதாரண ஆள்தான். இங்கே சாதாரண ஆட்களுக்குப் படிக்க மட்டும்தான் அனுமதி. அபிதா பட்டியலில் தன் கணக்கின் பெயரைச் சேர்த்து, 'மாற்றலாம்' என்பதில் டிக் வைத்து, ஓகே கொடுத்தாள்.

"இப்ப போடுங்க!"

கீழே தணிகாசலம் மறுபடியும் இழுத்துப் போட்டார்.

"ஏய் அபிதா! பச்சக் கோடு ஓடுதுடி!"

அதே நொடியில் அவள் கண்ணெதிரே, மாடிக் கம்ப்யூட்டரின் ஃபோல்டருக்குள், சோபியாவின் கரை வந்து விழுந்தது. படியேறவில்லை, பென் டிரைவ் இல்லை. சுவரைத் தாண்டி வந்துவிட்டது. அபிதா கைதட்டினாள். தணிகாசலம் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்து மெஷினைப் போட்டார். முதல் அட்டை உள்ளே போய், தடதடவென்று ஓட்டை விழுந்து வெளியே வந்தது. பின்னாலேயே ஏறி வந்திருந்த ஏசுதாஸ் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

மொத்தம் நானூற்று எண்பது அட்டை. மதியம் தாண்டிவிடும். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு எழுந்து சமையலைப் பார்த்திருப்பார்கள். அபிதா நாற்காலியை விட்டு எழவில்லை. அந்தச் செக்யூரிட்டி பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது.

அவளுடைய முதல் கம்ப்யூட்டர் எட்டு வருடத்துக்கு முன்னால் செத்துப்போனது. அதிலிருந்த ஹார்டு டிஸ்க்கை எடுத்து இந்த மாடிக் கம்ப்யூட்டருக்குள் வைத்தார்கள். டிஸ்க் தெரிந்தது, அவள் டிசைன் ஃபோல்டரும் தெரிந்தது, தொட்டால் மட்டும் திறக்கவில்லை. அதையும் பார்த்த ரிப்பேர்க் கடைக்காரர், "கரப்ட் ஆயிடுச்சிக்கா, ஃபார்மேட் பண்ணிக் குடுக்கறேன், எடமாவது கெடைக்கும்" என்றார். அபிதா சம்மதிக்கவில்லை. ஒன்பது வருட வேலை அது. திறக்காவிட்டாலும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

இப்போது அந்த ஃபோல்டரைக் கிளிக் செய்தாள். பழைய அதே செய்தி. இந்தத் தடவை முழுவதையும் படித்தாள். 'கரப்ட்' என்ற சொல்லே அதில் இல்லை. உனக்கு அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறது, வேண்டுமானால் செக்யூரிட்டி பகுதிக்குப் போ என்று வழியும் சொல்லியிருந்தது.

அது சொன்னபடியே செக்யூரிட்டிக்குள் போனாள். அங்கே மனிதப் பெயரே இல்லை. எஸ் என்று தொடங்கி, எண்ணெண்ணாக நீண்ட ஒரு வரி. யாருடைய கணக்கு என்று தெரியவில்லை என்ற குறிப்பு. போனில் தேடினாள். ஒரு கம்ப்யூட்டர் தன் கணக்கு ஒவ்வொன்றுக்கும் வைக்கும் உள்பெயர் அது. கம்ப்யூட்டர் போய்விட்டால் பெயர் போய்விடும், எண் மட்டும் மிஞ்சும்.

அந்த எண் வேறு யாருமில்லை, அவளேதான். பழைய கம்ப்யூட்டரில் யாரும் தன் டிசைனைத் தொடக்கூடாது என்று அந்த ஃபோல்டரை அவள்தான் தனக்கு மட்டும் என்று பூட்டி வைத்திருந்தாள்!

"இன்னாங்க, இங்க வாங்களேன்!" அவள் குரலைக் கேட்டு ஷாக் அடித்துவிட்டதோ என்று மெஷின் பக்கமிருந்து பதறி வந்தார் தணிகாசலம். ஏசுதாஸும் பின்னாலேயே வந்தார்.

"அது ஒன்னும் கெட்டுப் போவல. பூட்டிதான் கீது. ஓனர மாத்தணும், அவ்ளோதான்."

ஓனர் என்ற இடத்தில் அந்த எண்ணை நீக்கித் தன் இப்போதைய கணக்கைத் தேர்ந்தெடுத்தாள். உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து மாற்று என்ற டிக்கையும் வைத்தாள். கோப்புப் பெயர்கள் திரையில் சரசரவென்று ஓடின. ஓடி முடிந்ததும் ஃபோல்டரைக் கிளிக் செய்தாள்.

திறந்தது.

அறுநூற்றுப் பன்னிரண்டு டிசைன்கள். ஒன்றும் குறையவில்லை. அபிதா ஒவ்வொன்றாகத் தட்டினாள். தாமரை, தாழம்பூ, கட்டம், குதிரை. "இது நான் போட்டதா? இதுவுமா? பரவால்லியே!" என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள். அடுத்து ஒன்று திறந்ததும் ஏசுதாஸ் கையை நீட்டித் திரையைத் தொட்டார்.

"நில்லு, நில்லு தங்கச்சி!"

முந்தானை முழுவதும் அடியிலிருந்து நுனி வரை சுருண்டு ஏறும் ஒரு கொடி. யாரோ கேட்டு, பிறகு வேண்டாம் என்று போனது. இலைகள் அகலமாக, காம்புகள் முறுக்கிக்கொண்டு. திராட்சைக் குலை மட்டும்தான் இல்லை.

"கொல நான் ஏத்திட்றேன்ணா! கரையில இருக்கறதயே எடுத்து வெச்சிடலாம். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருவேன்."

"அப்ப கோடு வேணாம். இதான். இதான்மா!" ஏசுதாஸ் மகளுக்குப் போன் போட்டு, "சோபி, நீ ஒடனே வா" என்று மட்டும் சொன்னார்.

சோபியா வந்து பார்த்தாள். அபிதா மாடியிலிருந்த அந்தக் கொடியைக் கீழ்க் கம்ப்யூட்டரில் திறந்து, சோபியா பக்கத்தில் நின்று காட்டக் காட்டக் குலைகளைத் தொங்கவிட்டாள். மாலை ஐந்தரைக்கு முந்தானை வயர் வழியாக மேலே போனது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு ஏசுதாஸ் மீதி அட்டைகளை வாங்கிக்கொண்டு போய்த் தறியில் கட்டினார். பதினாறாம் நாள் சேலை இறங்கியது. பால்வெள்ளைப் பட்டில் பொன் கதிர். கல்யாணத்தன்று கோவில் வாசலில் நின்ற பெண்கள் முந்தானையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். அபிதா விருந்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அறுநூற்றுப் பன்னிரண்டையும் இப்போது அவள் வகை பிரித்துக்கொண்டிருக்கிறாள். மீட்டவற்றில் நான்கு டிசைன்கள் ஊருக்குள் தறியேறிவிட்டன. ஐந்தாவது, சேத்துப்பட்டில் ஒருவர் கேட்ட தாழம்பூ. இன்று காலை அதற்கு அட்டை அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.