பதின்மூன்று குச்சிகள்

சமையல்கட்டு அலமாரியில், எவர்சில்வர் டம்ளருக்குள் ரப்பர் பேண்டு போட்டு நிற்கும் ஐஸ் குச்சிகளை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை அதிலிருந்து இரண்டை உருவி அட்டை வீட்டுக்குக் கதவு செய்தீர்கள். அதற்கு நான் போட்ட சத்தத்தில் சின்னவள் சாயங்காலம் வரை சாப்பிடவில்லை. ரெண்டு குச்சிக்கா இந்த ஆட்டம் என்று உங்கள் அம்மா கேட்டாள். அத்தையின் வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்க்கிற அளவு அது என்பது மட்டும் உங்களுக்குத் தெரியும். மிச்சத்தை இதில் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன், பெரம்பலூர் அரியலூர் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தே பழகிய கை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். "எழுதிக்க. என்னைய அழுமூஞ்சியா மட்டும் எழுதிடாத" என்றாள்.

உங்கள் அத்தை, என் அக்கா, பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவள். நீங்கள் பிறப்பதற்கு முன்பே மாமா போய்விட்டார். அதற்கப்புறம் அந்த அடுப்பும் அந்தப் பிள்ளைகளும்தான் அவளுக்கு. சாம்பார் கொதிக்கும்போது கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பாள். உப்பு சரியாக இருந்தால் நாக்கைத் தட்டி 'ட்டொக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் தட்டோடு வரிசைக்கு ஓடி வரும் என்று வாத்தியார்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அவளுக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் வெற்றிலையோடு புகையிலை. இடது கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண் வந்து ஆறவில்லை. சதையைக் கிள்ளி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். முடிவை என்னைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் சொன்னார்கள். நம் பக்கத்தில் அதுதான் வழக்கம். நோயாளியை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு, கூட வந்த ஆம்பளையிடம் சொல்வார்கள். நான் வெளியில் வந்து, "ஒண்ணுமில்லக்கா, வாய்ப்புண்ணுதான், கொஞ்சம் முத்திப்போச்சாம்" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். சரி என்றாள்.

அன்று தொடங்கிய பொய் மூன்று மாதம் ஓடியது. ஆபரேஷனுக்கு ஒரு கதை சொன்னேன். அதன் பிறகு கதிர்வீச்சு, நம் ஜனங்கள் கரண்டு வைக்கிறது என்பார்களே, அதற்கு வேறொரு கதை. புண் சீக்கிரம் காய்வதற்கு வைக்கிறார்கள் என்றேன். வாரத்தில் ஐந்து நாள் திருச்சிக்குப் போய்வருவோம். கடைசி வாரத்தில் ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் இருந்த உடையார்பாளையத்து அம்மா ஒருவர், எந்தூர் என்று கேட்பது போலச் சாதாரணமாக, "ஒங்களுக்கு எந்த எடத்துல கேன்சரு?" என்று அக்காவிடம் கேட்டுவிட்டார். அக்கா நிதானமாக, "கன்னத்துலங்க" என்றாள். அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் பேசவில்லை. பேசாமல் விட்டது முடிந்துபோனது என்று நினைத்துக்கொண்டேன்.

நோய் போய்விட்டது என்றார்கள். ஆனால் கரண்டு வைத்த இடம் பழையபடி ஆகவில்லை. ஒரு வருடம் கழித்தும், இரண்டு வருடம் கழித்தும் அது தன் வேலையைக் காட்டிக்கொண்டே இருந்தது. எச்சில் ஊறும் சுரப்பி காய்ந்துவிட்டது. தண்ணீர் பாட்டில் இல்லாமல் அவளால் நாலு வார்த்தை பேச முடியாது. கன்னமும் தாடையும் காய்ந்த தோல் மாதிரி இறுகிப் பூட்டிக்கொண்டன. ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லுக்கு நடுவில் விட்டு வாயைத் திறந்து பழகச் சொன்னார்கள். நம் வாயில் இருபதுக்கு மேல் போகும். அவளுக்கு எட்டு. கஞ்சியைத் தவிர எதுவும் இறங்காது. உப்பும் உறைப்பும் தெரியாத நாக்கை வைத்துக்கொண்டு எப்படிச் சமைப்பது என்று வேலையை அவளே விட்டுவிட்டு நம் வீட்டோடு வந்தாள். 'ட்டொக்' சத்தமும் போயிற்று.

அப்போதுதான் திருச்சி ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்கிற டாக்டரம்மா, வெளிச்சத்தை வைத்து ஒரு சிகிச்சை இருக்கிறது என்றார். கன்னத்திலும் தாடை மூட்டிலும் வாய்க்குள்ளேயும் சிவப்பு வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் காட்டுவார்களாம். சுடாது, வலிக்காது. இறுகிய சதை சிலருக்குக் கொஞ்சம் இளகுகிறது, எச்சில் சிலருக்குக் கொஞ்சம் ஊறுகிறது, எல்லோருக்கும் ஆகும் என்று உறுதி சொல்லமாட்டேன் என்றார். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். நோய் இருக்கிற இடத்தில் இந்த வெளிச்சத்தை வைக்கமாட்டார்களாம். அதனால் முதலில் எல்லா டெஸ்ட்டும் திரும்ப எடுத்து, அங்கே ஒன்றுமில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெளியில் வந்ததும் அக்கா நின்றுவிட்டாள். "மறுபடியும் கரண்டா தம்பி?"

"கரண்டு இல்லக்கா, வெறும் லைட்டு."

"லைட்டு கரண்டுலதானடா எரியுது?"

சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். இரண்டு பேருக்கும் வரவில்லை. இல்லாத நோய்க்கு எதற்கு டெஸ்ட்டு என்று கேட்டாள். டாக்டரம்மா சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். அப்போது நான் சொன்னது முழு உண்மை. ஆனால் முன்பு பொய் சொன்ன அதே வாயால், அதே குரலில்தான் சொன்னேன். அவள் நம்பவில்லை. ராத்திரி படுத்தால் எனக்கே ஒரு சந்தேகம். ஏதோ கண்ணில் பட்டுத்தான் டெஸ்ட்டு எழுதியிருக்கிறார்களோ, என்னிடமும் மறைக்கிறார்களோ என்று. மறைத்துப் பழகியவனுக்கு யார் பேச்சும் நம்பும்படி இருக்காது போல.

ரிசல்ட்டு வாங்கப் போன அன்று அக்கா டாக்டரம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். டாக்டரம்மா கவரைப் பிரிக்கும்போது, கெட்டதாக இருந்தால் இப்போது சொல்லவேண்டாம் என்று கண்ணாலும் கையாலும் ஜாடை காட்டினேன். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகிறவர்கள் எல்லோரும் காட்டுகிற ஜாடைதான். டாக்டரம்மாவின் பார்வை அக்காவின் தலைக்கு மேலே ஒரு நொடி எழுந்து இறங்கியது. அது போதுமாயிருந்தது அவளுக்கு. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தம்பி, நீ வெளில இரு."

இருந்தேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது, என்ன பேச்சு என்று கேட்கவில்லை. என்னை அவள் அதுவரை எங்கேயும் வெளியே நிற்கச் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கவரோடு வந்தாள். "போலாம்" என்றாள். கவரைப் பைக்குள் வைத்துப் பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். என்னக்கா சொன்னாங்க என்று கேட்டேன். "வூட்டுக்குப் போயி பேசிக்கலாம்" என்றாள். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

சமயபுரம் டோல்கேட் தாண்டியது, பாடாலூர் தாண்டியது. அவள் முகத்தின் ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். கண் சிமிட்டினால் அதற்கு ஒரு அர்த்தம், பெருமூச்சு விட்டால் அதற்கு ஒரு அர்த்தம். சிறுவாச்சூர் வந்தால் அம்மன் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கையெடுத்து ஒரு கும்பிடு போடுவாள், எப்போதும். அன்றைக்குக் கும்பிட்ட கையை ரொம்ப நேரம் இறக்கவில்லை. நன்றியா, வேண்டுதலா? மனசுக்குள் யார் யாருக்குப் போன் போடுவது என்றுகூட நினைத்துவிட்டேன். அந்த நினைப்புக்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அரியலூர் வண்டிக்கு நின்றோம். தெரிந்த டிரைவர் ஒருவர், இன்னைக்கு லீவா என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு சொட்டு எச்சில் இல்லை. அக்கா என்னைப் பார்த்தாள். தன் தண்ணீர் பாட்டிலை மூடி திறந்து நீட்டினாள். குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்:

"ஒண்ணுமில்லையாம்டா. சுத்தமா இருக்காம். லைட்டு வைக்கலாமாம்."

கவரை எடுத்து என் கையில் கொடுத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன்க்கா இப்படிப் பண்ணுன என்று கேட்டேன்.

"ரெண்டு மணி நேரந்தான்டா நீ எம்மூஞ்சியப் பார்த்துக்கிட்டு வந்த. நான் ஒம்மூஞ்சிய மூணு மாசம் பார்த்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. வெயிலில் நின்ற களைப்போடு சொன்னாள். அதற்குள் வண்டி வந்துவிட்டது.

அதன் பிறகு வாரத்தில் இரண்டு நாள் வெளிச்சம். கண் கூசாமல் இருக்க இரண்டு பேருக்கும் கறுப்புக் கண்ணாடி தருவார்கள். பேனா மாதிரி ஒரு கருவியின் முனையில் சிவப்பு வெளிச்சம், கன்னத்தில் இடம் இடமாக வைத்து எடுப்பார்கள். முதல் நாள் அவள் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. கருகின வாசனை வருதா, வருதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வரவில்லை. நான் இப்போது நாற்காலிக்குப் பின்னால் நிற்பதில்லை, அவளுக்கு எதிரே உட்கார்ந்துகொள்வேன். மூன்றாவது வாரம் ஒன்பதாவது குச்சி போனது. வெளிச்சமும் தினசரி வாய்ப்பயிற்சியுமாக, போகப்போகப் பதின்மூன்று. அதற்குமேல் போகவில்லை, டாக்டரம்மாவும் போகும் என்று சொல்லவில்லை. ஆனால் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தாள். ஒருநாள் உங்கள் அம்மா வைத்த ரசத்தை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, சத்தம் வராத நாக்கைத் தட்டிப் பார்த்தாள். நீங்கள் சிரித்தீர்கள். அவளும் சிரித்தாள்.

இவ்வளவும் போன மாதம் வரைக்கும். இரண்டு வாரமாகப் பன்னிரண்டாவது குச்சி இடிக்கிறது. போன சனிக்கிழமை பதினொன்றோடு நின்றுவிட்டது. அத்தை அதை மறைக்கவில்லை. அடுப்பங்கரையில் என்னைக் கூப்பிட்டுக் குச்சிகளைக் கையில் கொடுத்து எண்ணச் சொன்னாள். சதை மறுபடி இறுகியும் இருக்கலாம், பயிற்சி குறைந்ததாலும் இருக்கலாம், போனிலேயே ஒன்றும் சொல்ல முடியாது, வாருங்கள் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. மறுநாள் டம்ளரைப் பார்த்தேன். அதில் பதினொரு குச்சிதான் இருந்தது. மிச்ச இரண்டு உங்கள் அட்டை வீட்டில் கதவாக இருந்தது. எனக்கு ஏன் அவ்வளவு சத்தம் வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ராத்திரி அந்தக் கதவை நானே பிரித்து, பசையைச் சுரண்டிக் கழுவி வைத்தேன். டம்ளரில் இப்போது மறுபடியும் பதின்மூன்று இருக்கிறது. வியாழக்கிழமை அத்தையும் நானும் திருச்சி போகிறோம். எனக்குப் பயமாக இருக்கிறது, பிள்ளைகளா. நாங்கள் திரும்பி வரும்போது நீங்கள் வாசலில் நின்று என் முகத்தைப் பார்க்கவேண்டாம். என்ன சொன்னார்களோ அதை, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் உங்களிடம் சொல்லிவிடுவேன்.